மாவுக்கட்டு அக்கா அறுத்த சுவர்

“மூன்றாம் மாடி, பதினொன்றாம் எண் வீடு. குடியிருப்பவர் வயது முதிர்ந்த பெண்மணி. கருவிகளைக் கையாளும் பயிற்சி அற்றவர். ஆத்திரத்தில் தடுப்புச் சுவரை உடைத்துச் சேதப்படுத்தியுள்ளார்.”

கட்டிட மேலாளர் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, லிஃப்டுக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைத்த குறிப்பு இது. இதில் மாடி எண் சரி. வீட்டு எண்ணும் சரி. வயதையும் ஒப்புக்கொள்ளலாம், அறுபத்து மூன்று. ஆத்திரம்கூட உண்மைதான், ஆனால் அது அதற்கு முந்தைய ஏழு மாதமும் இருந்த ஆத்திரம். ரம்பம் கையில் இருந்த நாற்பது நிமிடம் மட்டும்தான் அந்த அம்மாள் நிதானமாக இருந்தார்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் எலும்பு முறிவுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் அவர் வேலை பார்த்தார். கட்டுப் போடுவது டாக்டர்களின் வேலை. கட்டைப் பிரிப்பது இவருடையது. அதற்கென்று ஒரு மின்ரம்பம் இருந்தது. பாதி நாள் அது ரிப்பேர். எனவே பெரும்பாலான கைகால்கள் அவருடைய கைரம்பத்தால்தான் விடுதலை பெற்றன. மாவுக்கட்டின் கடைசி நூலிழை அறுபடும் இடத்துக்கும் தோல் தொடங்கும் இடத்துக்கும் இடையே காகிதத்தின் கனம்கூட இருக்காது. அங்கே ரம்பத்தை நிறுத்த வேண்டும், அதுவும் கட்டுக்குள் இருப்பவர் கட்டிலை உதைத்துக்கொண்டிருக்கும்போது. முப்பத்தொரு வருடத்தில் ஒருவர் தோலிலும் கீறல் விழவில்லை. இது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை; நடக்காத விபத்தை எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. அவருடைய பணிப் புத்தகத்தில் ‘பொது உதவியாளர், தனித்திறன் ஏதுமில்லை’ என்றுதான் கடைசிவரை இருந்தது. நோயாளிகள் மட்டும் ‘மாவுக்கட்டு அக்கா’ என்று கூப்பிட்டார்கள். பணிப் புத்தகத்தைவிட அவர்களுக்கு விவரம் தெரிந்திருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு திரைச்சீலைக் கம்பு ஒன்று அரையடி கூடுதலாக நீளமாக இருக்கிறதே என்று ஒரு கைரம்பம் வாங்கினார். அவ்வளவுதான், மாடி முழுக்கத் தெரிந்துபோயிற்று. சமையலறைக் குழாய்க்கு பிவிசி பைப் அறுக்க வேண்டுமா, கட்டில் கால் ஒன்று குட்டையாக வேண்டுமா, அக்காவின் கதவைத் தட்டினார்கள். பிளைவுட் என்றால் அறுக்க வேண்டிய கோட்டின் மேல் டேப் ஒட்டி அறுப்பார், விளிம்பு சிலும்பாது. மேலாளரின் அறிவிப்புப் பலகையையே அளவாக அறுத்துக் கொடுத்தது அவர்தான். பயிற்சி அற்றவர் என்ற செய்தியை அந்தப் பலகையில் ஒட்ட மேலாளருக்குக் கை கூசவில்லை.

விஷயத்துக்கு வருவோம். அவர் குடியிருந்த வீடு முன்பு ஒரே பெரிய வீடு. உரிமையாளர் அதன் கூடத்துக்கு நடுவில் ஜிப்சம் போர்டால் தடுப்பு எழுப்பி இரண்டு வீடாக்கினார். இரண்டு பக்கமும் பலகை, நடுவே தகரச் சட்டம், அதற்குள் ஒயர். எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. அந்த அவசரத்தில் கூடத்தின் ஸ்விட்ச் போர்டு தடுப்பை ஒட்டியபடி அந்தப் பக்கம் போய்விட்டது. அதாவது அக்காவின் வீட்டு விளக்கும், மின்விசிறியும், வீட்டிலேயே இருந்த ஒரே பிளக்கும் பக்கத்து வீட்டில் இருந்து இயங்கின. இதைக் கட்டியவர் பார்த்தார், உரிமையாளர் பார்த்தார், மேலாளர் பார்த்தார். மூன்று பேருக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கர், ஒழுங்கே உருவானவர். வெளியே கிளம்பும்போது எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுக் கிளம்புவது சிறுவயதுப் பழக்கம். ‘அக்கா வீட்டு ஸ்விட்ச், தொடாதே’ என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியும் பார்த்தார். எழுதிய கைக்குப் படிக்கத் தெரியவில்லை. வாரம் இரண்டு முறையாவது அணைத்துவிட்டு, பஸ்ஸில் ஏறிய பிறகு போன் செய்து மன்னிப்புக் கேட்பார்.

இருட்டையும் புழுக்கத்தையும் அக்கா பொறுத்துக்கொள்வார். ஆனால் கூடவே இருந்த தங்கைக்கு ஆஸ்துமா. மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷின் ஒன்று காலை, மதியம், மாலை ஓட வேண்டும். அது ஓட அந்த ஒரே பிளக். இதை எழுதி ஏழு மாதத்துக்குள் அக்கா ஐந்து முறை புகார் கொடுத்தார். ஐந்து முறையும் ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று போனுக்குச் செய்தி வந்தது. தீர்க்கப்பட்டது புகார்தான், பிரச்சினை அல்ல.

ஆறாவது புகாருக்கு அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பர் ஒருவர் வந்தார். ஸ்விட்ச் போர்டு பக்கமாகச் சுவரில் கை நுழையும் அளவு ஒரு திறப்பு விட்டால் போதும் என்று அக்கா சொன்னார். வந்தவர் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் மின்ரம்பத்தை முடுக்கி நேரே கொண்டுபோனார். அக்கா குறுக்கே நின்றார்.

“உள்ள ஒயர் போகுதுப்பா.”

“எனக்குத் தெரியாதாம்மா? நான் சர்ட்டிஃபிகேட் வாங்கினவன்.”

“அதை எங்கிட்ட ஏன் காட்டுற? ஒயர்கிட்ட காட்டு.”

அவர் கோபித்துக்கொண்டு போனார். ‘குடியிருப்பவர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக் கோப்பு மூடப்பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை கணக்கர் இரண்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் போனார். வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு போனார். மதிய மருந்து நேரத்தில் தங்கைக்கு இழுப்பு தொடங்கியது, மெஷின் அசையவில்லை. மாற்றுச் சாவி கேட்டு அக்கா மேலாளருக்குப் போன் செய்தார்.

“மாஸ்டர் சாவி தீ விபத்துக்கும் தண்ணி கசிவுக்கும் மட்டும்தாம்மா. மூச்சுத் திணறல் அந்த லிஸ்ட்ல இல்ல.”

சொன்னவர் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே சொன்னார்; மெல்லும் சத்தம் அக்காவுக்குக் காதில் விழுந்தது. அதை மட்டும் அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வேலை நேரம், மாடியில் மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன. லிஃப்டும் வேலை செய்யவில்லை. தங்கையைத் தோளில் சாய்த்து மூன்று மாடி இறக்கி, காவலாளியின் அறையில் மெஷினை மாட்டினார். அரை மணியில் மூச்சு சீரானது. ஆனால் அடுத்த மருந்து ஆறு மணிக்கு, அதற்கடுத்தது காலையில். இந்த நிலையில் இரண்டு நாளைக்கு, வேளைக்கு ஒருமுறை ஏறி இறங்க அவளால் முடியாது.

அக்கா கணக்கருக்குப் போன் போட்டார். அவர் அழாத குறையாகச் சொன்னார்: “வெட்டிடுங்க அக்கா. எம்பக்கத்துப் பலகையையும் சேர்த்து வெட்டிடுங்க.”

காவலாளியிடம் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வீட்டு மெயினையும் அணைக்கச் சொன்னார் அக்கா. தங்கைக்கு இப்போது பேச்சு வந்திருந்தது. “பாத்து வெட்டு. காலுன்னா கத்தும், சுவரு கத்தாது.”

“அதாண்டி கவலையா இருக்கு. கத்தினா நிறுத்திடலாம்.”

மேலே போனார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், சத்தம் அடைத்துக் கேட்ட இடங்களில் புள்ளி வைத்தார். அங்கே தகரச் சட்டம். டொக்கென்று வெறுமையாகக் கேட்ட இடத்தில் பென்சிலால் செவ்வகம் வரைந்தார். ரம்ப நுனியை முறுக்கிச் செலுத்தி ஒரு சின்னத் துளை போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒயர் வலது கோட்டுக்கு நேர் பின்னால் இறங்கியது. தொழில்நுட்பர் ரம்பத்தை வைக்கப்போன இடம் அது. அழித்து, கோட்டை மூன்று விரல் இடப்பக்கம் தள்ளி வரைந்தார்.

பிறகு ரம்பத்தின் அலகில் டேப்பைச் சுற்றினார், பலகையின் கனத்துக்கு மட்டும் பற்கள் வெளியே தெரியும்படி. அதற்கு மேல் அது உள்ளே போகாது. மேல் காகிதத்தைக் கத்தியால் கீறி, கோட்டை ஈரத்துணியால் ஒற்றி, ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்து, குட்டைக் குட்டையாக இழுத்தார். வெள்ளை மாவு ஈரமாக வழிந்தது. அந்த வாசனை அவருக்குப் பழக்கம், மாவுக்கட்டும் இதே மாவுதான். முதல் துண்டு முழுசாகக் கையில் வந்தது. இடைவெளிக்குள் மணிக்கட்டை மடக்கி அந்தப் பக்கத்துப் பலகையையும் அதேபோல் அறுத்தார். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தார். வெட்டிய துண்டுக்குக் கீல் வைத்துக் கதவாக்குவது மறுநாள் வேலை.

வேலை முடிந்து வந்த மாடிக்காரர்கள் இரண்டு பேர் தங்கையை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். காவலாளி மெயினைப் போட்டார். அக்கா திறப்புக்குள் கையை விட்டு, தடவி, மூன்றாவது ஸ்விட்சை அழுத்தினார். மெஷின் உறுமியது. ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

கருவிகளைக் கையாளத் தெரியாத மேலாளர் எழுதிய குறிப்பு இரண்டு நாள் கழித்து ஒட்டப்பட்டது. நேரில் வந்து சுவரைப் பாருங்கள் என்று கணக்கர் கூப்பிட்டும் மேலாளர் மூன்றாம் மாடிக்கு வரவில்லை, லிஃப்ட் ரிப்பேர்.

அக்கா செய்தது இது: ஒரு கைரம்பத்தால் இரண்டு ஜிப்சம் பலகைகளில் ஒன்பது அங்குலத்துக்கு ஆறு அங்குலம் திறப்பு அறுத்தார். ஒரு ஒயரும் அறுபடவில்லை. தங்கை ஆறு மணி மருந்தை ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டாள்.