படம் சுருங்கினால் கழற்றிவிடும் சலீம் காக்கா

லுஹர் தொழுகைக்குக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணச் செய்தி வந்தது. பெட்டரி சார்ஜ் கடை சலீம் காக்கா மௌத்தாகிவிட்டார். அந்த ஒலிபெருக்கி ஓடியதும் அவர் சார்ஜ் செய்த பெட்டரியில்தான். இன்னாலில்லாஹ் சொன்னேன். அடுத்த நினைப்பு, மருதமுனையில் இனி சார்ஜ் செய்ய என் கடை ஒன்றுதான் என்பது. அல்லாஹ் மன்னிக்கட்டும். அவரை அறிந்த உங்களிடம் பொய்யாக அழ எனக்கு வராது.

யுத்தத்தால் கரண்ட் இல்லாத இந்த வருடங்களில் ஊரே கார் பெட்டரியில்தான் டீவி பார்க்கிறது. என்னிடம் சார்ஜ் செய்யும் பெட்டரி ஒரு வருடத்தில் செத்துவிடும். அவருடைய வாடிக்கையாளர்களின் பெட்டரி மூன்று வருடம் உழைக்கும். பெட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஏதோ கலக்கிறார் என்று கதை கட்டினேன். கடைசியில் என் மனைவியே எங்கள் வீட்டுப் பெட்டரியை அவரிடம் கொடுத்தனுப்பினாள். அன்று நான் சோறு தின்னவில்லை.

ஒரு கிரிக்கெட் நாள் அவர் முற்றத்தில் தெருவே கூடியிருந்தது. நானும் பின்னால் நின்றேன். கடைசி மூன்று ஓவர். பெட்டரி இறங்கி, படம் ஓரங்களில் சுருங்கத் தொடங்கியது. காக்கா எழுந்து வயரைக் கழற்றிவிட்டார்.

"காக்கா, ஒங்களுக்கு விசரா?" என்று சனம் கத்தியது.

"படம் சுருங்கினாக் கழட்டிரணும். அடிவரைக்கும் உறிஞ்சினா பெட்டரி பழையபடி எழும்பாது. மிச்சத்த ரேடியோவுல கேளுங்க," என்றார்.

நானோ, "சார்ஜ வீணாக்காம முழுக்க முடிச்சிட்டுக் கொண்டு வாங்க" என்று சொல்லிவந்தவன். என் வாடிக்கையாளர்கள் படம் தீப்பெட்டி அளவாகும்வரை பார்ப்பார்கள். தண்ணீரில் ஒன்றுமில்லை, பெட்டரிகளைக் கொன்றது நான்தான். மறுநாளே அவர் சொன்னதை நானும் சொல்லத் தொடங்கினேன். என் சொந்த அறிவு போலச் சொன்னேன்.

அவர் மௌத்தான மூன்றாம் நாள், குர்ஆன் ஓதும் கத்தத்துக்கு லைட் வேண்டுமென்று அவருடைய மருமகன் வீட்டுப் பெட்டரியைத் தூக்கி வந்தார்.

"ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ளயே மாமா ஒங்களத்தான் சொன்னாரு, 'நான் இல்லாட்டி அவருக்கிட்டக் குடுங்க, அவருக்குத் தெரியும்' எண்டு."

அளந்து பார்த்தேன். பாதிகூட இறங்கவில்லை. சாவு விழுந்த மையித்து வீட்டிலும் நேரத்துக்குக் கழற்றியிருக்கிறார்கள். ஐந்து வருடப் பெட்டரி. என் கடையில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. மறுபடியும் வயிறு எரிந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'படம் சுருங்கினாக் கழட்டிரணும்' என்ற அந்த ஒரு பேச்சுத்தான். நேற்றும் ஒருவரிடம் சொன்னேன்.

"இத ஒங்களுக்கு ஆரு சொல்லித் தந்த?" என்று கேட்டார்.

வயரைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன்.

"சலீம் காக்கா," என்றேன்.