ஒரு பலகைக்கு மூன்று வாசல்

"சீதாலெட்சுமி கார்டன்" என்கிறார் நாகையா, ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தபடி. சீன ரிக்‌ஷாக்காரர் நகரவில்லை. நாகையா குடையை மடித்து முழங்கால்களுக்கிடையே நிறுத்திக்கொண்டு, "சீதா... லெட்சுமி... கார்டன்" என்று உரக்கச் சொல்கிறார். வண்டி அப்படியே நிற்கிறது. நாகையா தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு முன்னால் குனிந்து, "கண்டாங் கெர்பாவ்" என்று முணுமுணுக்கிறார். மலாய் மொழியில் எருமைக்கொட்டாய் என்று பொருள். சக்கரம் உடனே உருள்கிறது.

கண்டிராக்ட் நாகையாவைப் பிரிக்பீல்ட்ஸில் தெரியாதவர் இல்லை. முன்பு செங்கல் சூளையில் கங்காணி. இப்போது ஆற்றோரத்தில் வரிசை வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். வேட்டிக்கு மேல் வெள்ளை ட்ரில் கோட்டு, தலைப்பாகை, பித்தளைப் பூண் போட்ட குடை. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தன் சூளைக் கல் என்றால் முகம் மலரும். இல்லையென்றால், நோயாளியை விசாரிக்கும் குரலில், "மழைக்கு ஒழுகுதா?" என்பார்.

அவர் வீடு கட்டிய இடத்தில் முன்பு எருமைகள் இருந்தன. ரங்கூன், கொழும்பு என்று நான் சுற்றக் கிளம்புவதற்கு முன், காலையில் பால் செம்போடு அங்கே போவேன். ஈர வைக்கோல் வாசனை, ஆற்றில் மூக்கு மட்டும் தெரிய மிதக்கும் எருமைகள், செம்பில் நுரை ஏறும் சத்தம். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும், எங்கிருந்தோ வைக்கோல் வாசனை வந்துவிட்டால் எனக்குப் பிரிக்பீல்ட்ஸ்தான். திரும்பி வந்தபோது கொட்டாய் இல்லை, வெள்ளையடித்த சுவர்கள். பெயர் மட்டும் போகவில்லை.

யாருடைய பெயரை அந்த வீடுகளுக்கு வைத்தாரோ, அந்த மனைவி சீதாலெட்சுமியே, "எருமைக்கொட்டாய்க்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போம்மா" என்றுதான் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற நாகையா கண்ணை மூடிக்கொண்டார்.

"உம் பேரத்தான வச்சிருக்கேன். நீயே இப்படிச் சொன்னா?"

"எம் பேரத் தெருவுல நட்டு வைங்கன்னு நான் கேட்டனா?"

நட்டு வைத்திருப்பது ஒரே ஒரு பலகை. பச்சையில் வெள்ளை எழுத்து, தமிழிலும் இங்கிலீஷிலும். பெரிய ரோட்டு வாசலுக்கு மட்டும்தான் டவுன் ஆபீஸ் அனுமதி கொடுத்தது. அந்தப் பக்கம் மோட்டார்கள் போகின்றன, ஒன்றும் நிற்பதில்லை. ஜனங்கள் நடந்து வருவது ரயில் பாதை ஓரத்திலும் ஆற்றங்கரையிலும். அந்த இரண்டு வாசலுக்கும் பலகை வேண்டும் என்று நாகையா ஆபீசுக்கு நடையாய் நடந்தார்.

வெறும் ஆசையாக இருந்தவரை சிரித்துக்கொண்டே நடந்தார். வாடகைக்கு இருக்கும் பவுனம்மாளின் மகளைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளோடு அந்தச் சிரிப்புப் போய்விட்டது. விலாசம் கேட்டவர்களிடம் கார்டன் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று பவுனம்மாளிடம் அடித்துச் சொன்னவர் அவர். ரயிலில் இறங்கி நடந்து வந்தவர்கள் வழி கேட்டார்கள். "ஓ, எருமைக்கொட்டாயா? நேராப் போங்க" என்றார்கள் எல்லோரும். மாப்பிள்ளையின் அம்மா பாதையிலேயே நின்றுவிட்டார். "கார்டன்னாங்க, கொட்டாய்ங்கிறாங்க. இதுலயே மறைக்கிறவங்க இன்னும் என்னத்த மறைச்சாங்களோ!" அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

"கொட்டாய்னே சொல்லியிருந்தா நேரா வந்திருப்பாங்க அண்ணே. உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க" என்றார் பவுனம்மாள்.

கல்யாணத் தரகர் கெஞ்சியதில், இன்னொரு முறை ஞாயிற்றுக்கிழமை வருவதாகக் கிள்ளானிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன் நாகையா ஆபீசுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக் கிளார்க் கார்த்திகேசு.

"ஓய் நாகையா, ஒரு இடத்துக்கு ஒரு பலகை எண்டதுதான் சட்டம். உமக்கு மூண்டு குடுத்தா, நாளைக்குச் சாராயக் கடைக்காரன் முப்பது கேப்பான்."

"மூணு வாசல் இருக்குங்க. ஒரு வாசலுக்கு எம் பொண்டாட்டி பேரு, மத்த ரெண்டுக்கும் எருமையா?"

கார்த்திகேசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தலை இடமும் வலமுமாகத்தான் ஆடியது. "ரயில் பக்கத்து நிலத்தில ஒரு முளை அடிச்சாலும் அபராதம். சொல்லிப்போட்டன்."

நாகையா யோசித்தார். "மண்ணுல பலகைய நடக்கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய ரோட்டு வாசலில் கம்பம் மட்டும் நின்றது. பலகை ரயில் பாதை ஓரத்தில் இருந்தது. கோட்டும் தலைப்பாகையுமாக நாகையா அதை மார்போடு அணைத்துப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, எருமைய எங்க ஓட்டிவிட்டீங்க?" என்று ரயில் ஒர்க்‌ஷாப் ஆட்கள் கேலி செய்துகொண்டே போனார்கள். எருமைக்கொட்டாய் என்று யார் சொன்னாலும் திருத்துகிற மனிதர் அன்று ஒருவரையும் திருத்தவில்லை.

கிள்ளான் ரயில் வந்தது. சற்று நேரத்தில் பட்டுப்புடவைகள் பாதையில் தெரிந்தன. முன்னால் வந்த மாப்பிள்ளையின் அம்மா பலகைக்கு எதிரில் நின்று, பக்கத்திலிருந்த மகனைப் பார்த்தார். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். நாகையா பலகையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, அதன் பின்னால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார்.