சஃப்ரன்போலுவில் ஐயாவுக்கு ஒரு படையல்

சனிக்கிழமை விடிய முதல் பேர்ண் நிலையத்தில் சூரிச் விமான நிலையத்துக்கு ரயில் ஏறியபோது என் பெட்டியில் இரண்டு காற்சட்டை, நாலு சேட்டு, ஒரு ரைஸ் குக்கர் இருந்தன. குக்கரைக் குளிர்ச்சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தேன். துருக்கிக்குப் போகிறவன் சோற்றுப்பானை காவுவானா என்று மனைவி கேட்டாள். எங்கள் ஆட்களில் யார் காவாமல் போகிறார்கள் என்று நான் கேட்டேன். போன வருடம் பாரிசுக்குப் போனபோது அதைக் காவியவள் அவள்தான்.

ஊர் பார்க்கக் கிளம்பிய பயணமல்ல இது. யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா வருகிறார். என்னிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். விசா கிடைத்தால் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் முடியாது. அக்காவுக்குச் சுவிஸ் விசா கிடைக்கவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்கள் மூன்றாவது நாடொன்றில் சந்தித்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சிலர் சென்னைக்குப் போவார்கள், சிலர் சிங்கப்பூருக்கு. எங்களுக்குத் துருக்கி தோதாக வந்தது.

இன்னொரு காரியமும் இருந்தது. எங்கள் ஐயா காலமானபோது என்னால் போக முடியவில்லை. கொள்ளி வைத்தவர் அக்காவின் கணவர். அதன் பிறகு வந்த திவசங்களையும் அத்தானே செய்தார். பெற்றது ஒரே ஒரு மகனை, அந்த மகனின் கையால் ஐயாவுக்கு ஒரு சொட்டு எள்ளுத் தண்ணீர் விழுந்ததில்லை. இந்த முறை திதி திங்கட்கிழமையில் வந்தது. "நீ எங்க நிக்கிறியோ அங்க நான் வாறன். இந்த ஒரு முறை நீ செய்" என்று அக்கா ரெலிபோனில் சொன்னார். செவ்வாய் காலையில் இருவரும் திரும்பவேண்டும். திங்கள் தவறினால் தவறியதுதான்.

இஸ்தான்புல் விமான நிலையத்தில் அக்காவைப் பதினாறு வருடத்துக்குப் பிறகு கண்டேன். கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். "என்னடா, தலையில ஒண்டையும் காணேல்ல" என்றார். அழுதவன் நான்தான்.

அங்கிருந்து பஸ். நாங்கள் போகும் ஊரின் பெயர் சஃப்ரன்போலு, இஸ்தான்புலுக்குக் கிழக்கே ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். ஏழு மணி நேர ஓட்டம். பஸ்ஸில் ஒரு பணியாளர் தேநீர் தருகிறார், பிஸ்கற் தருகிறார், பிறகு ஒரு போத்தலோடு வந்து எல்லோருடைய உள்ளங்கையிலும் எலுமிச்சை மணக்கும் ஏதோ ஒன்றை ஊற்றுகிறார். அக்கா வலது கையைக் குழித்துப் பயபக்தியோடு ஏந்தி வாங்கினார். தீர்த்தம் என்று நினைத்துவிட்டார். கை வாய்க்குப் போகிற நேரத்தில் எட்டிப் பிடித்தேன். அது கை துடைக்கும் கொலோன். "கோயில் மாதிரி எல்லாருக்கும் ஊத்தினா ஆர்தான் என்ன நினைப்பினம்" என்று என்னோடுதான் கோபித்தார். பக்கத்து இருக்கைப் பெரியவர் சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொழுதுபட ஊருக்குள் இறங்கினோம். மேலே புது நகரம். கீழே பள்ளத்தாக்கில் பழைய பகுதி. அதை எல்லோரும் 'சார்ஷி' என்கிறார்கள், சந்தை என்று பொருள். ஒட்டகக் கூட்டங்கள் தங்கிப்போன கல் சத்திரம், செம்பு தட்டும் தெரு, தோல் தைக்கும் தெரு, நடுவில் பள்ளிவாசல், சுற்றிவர மேல்மாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை மரவீடுகள். அப்படி ஒரு வீடுதான் எங்கள் விடுதி. இரண்டு கட்டில் போட்ட அறை, காலைச் சாப்பாட்டோடு, இரவுக்கு நாற்பது பிராங். பேர்ணில் அந்தக் காசுக்கு இரண்டு பேர் ஒரு நேரம் வயிறாரச் சாப்பிட முடியாது.

இந்த விடுதியைச் சொல்லித் தந்தவன் ஹசன். பேர்ணில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவன், இந்த ஊர்த் தாயின் பிள்ளை. விடுதிக்காரி நெர்மின் அம்மா அவனுடைய தாயின் சிநேகிதி. அறுபது வயதிருக்கும், குட்டை உருவம், வேகமான நடை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். நாங்கள் ஏற்கெனவே கழற்றிவிட்டோம் என்று கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

அறை அழகு. யன்னலோரம் முழுக்கச் சுவரோடு சேர்ந்த இருக்கை, மெத்தையில் கை வேலை செய்த வெள்ளைத் துணி. குளியலறையை மட்டும் காணவில்லை. அக்கா உடுப்பு வைக்கவென்று அலுமாரியைத் திறந்தார், உள்ளே குழாயும் ஓடு பதித்த தரையும் இருந்தன. இந்த ஊரில் அந்தக் காலத்திலிருந்தே குளிக்கிற இடம் அலுமாரிக்குள்தானாம். "கெட்டிக்காரச் சனம்" என்றார் அக்கா. கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. நெருப்பு, அதன் மேல் சிவப்புக் கோடு. மரவீட்டில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

ஞாயிறு முழுவதும் சந்தையில் திரிந்தோம். பூசணி, கத்தரிக்காய், பயற்றங்காய் வாங்கினோம். குங்குமப்பூ போட்ட இனிப்பை ஒவ்வொரு கடையிலும் சும்மா தின்னத் தந்தார்கள். தின்றுவிட்டு வாங்காமல் போக அக்காவுக்கு வெட்கம், அதனால் மூன்று பெட்டி சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து அவர் வாழைக்காய், எள்ளு, பச்சையரிசி, ஈரக் கடதாசியில் சுற்றிய வாழையிலை எல்லாம் கொண்டுவந்திருந்தார். எல்லாம் சரி, சமைப்பது எங்கே? விடுதியில் கேட்போம் என்றேன். "கேட்டு, ஏலாதெண்டு சொல்லிப்போட்டா என்ன செய்யிறது? குக்கரை அறையிலயே வைப்பம்" என்றார் அக்கா. கேட்டால்தானே மறுப்பார்கள், கேட்காமல் செய்தால் யாரும் மறுக்கவில்லை. எங்கள் சனத்தின் இந்தக் கணக்கு எனக்கும் நியாயமாகவே பட்டது.

திங்கள் காலை. படையல் மத்தியானத்துக்கு முன் முடியவேண்டும். எந்த ஊர் மத்தியானம் என்பதில் அக்கா உறுதியாக இருந்தார். "ஐயாவுக்கு யாழ்ப்பாண நேரந்தான் தெரியும்." துருக்கியில் அது காலை ஒன்பதரை. ஏழரைக்கு அரிசி கழுவினோம். ஆவி அறைக்குள் பரவினால் மரச்சுவரில் படும், மணம் வெளியே போகும். ஆகவே குக்கரை அலுமாரிக்குள், அந்தக் குளியல் தரையில் வைத்து, நீட்டு வயரால் மின்சாரம் கொடுத்துக் கதவைச் சாத்தினோம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இத்தனை வருடம் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் செய்கிற வேலையா இது? செய்தேன். நிலத்தில் ஈரம். பத்து நிமிடத்தில் உள்ளே 'டப்' என்றது. அறை விளக்கு போனது, வெளியே நடையில் எரிந்த விளக்கு போனது, கீழே ஓடிக்கொண்டிருந்த றேடியோவும் நின்றுவிட்டது.

நெர்மின் அம்மா வந்த வேகத்தில் படி அதிர்ந்தது. அலுமாரியைத் திறந்தார். குக்கரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு மரக் கூரையைப் பார்த்தார். அதன் பிறகு பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அவ்வளவும் விளங்கியது. அவருக்குக் கோபப்பட முழு உரிமையும் இருந்தது. நான் ஹசனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவன் காலை வேலையில் நின்றான், பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"என்ன செய்தாய் சிவா?"

"சோறு வைத்தேன்."

"எங்கே?"

"அலுமாரிக்குள்."

நெர்மின் அம்மா ரெலிபோனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டு, அவனிடமும் கொட்டினார். ஹசன் ஜெர்மனில் சொன்னான்: "பக்கத்து வீதியில் ஒரு வீடு இப்படித்தான் எரிந்ததாம். இந்த வீடு இவருடைய பாட்டன் கட்டியதாம். நீங்கள் சாமானைக் கட்டலாமாம்."

அக்கா என் கையைப் பிடித்தார். "தம்பி, இண்டைக்கு ஐயாவின்ர திவசமெண்டு அவவுக்குச் சொல்லு. வேற நாளெண்டா நாங்கள் இப்பிடிச் செய்வமோ?"

அக்காவின் தமிழ் என் ஜெர்மனாகி, ஹசனின் துருக்கியாகி நெர்மின் அம்மாவிடம் போனது. ஐயா காலமானதும், நான் போக முடியாததும், இன்றுவரை மகன் கையால் எதுவும் கொடுக்காததும் அப்படியே போயின. நெர்மின் அம்மா கேட்டுக்கொண்டே கட்டில் விளிம்பில் அமர்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"தகப்பனுக்கு உன் கையால் ஒரு பிடி மண்கூடப் போடவில்லையா என்று கேட்கிறார்" என்றான் ஹசன். அவன் குரலும் இறங்கியிருந்தது.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் எழுந்து, குக்கரை வயரோடு தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வா என்று கை காட்டிவிட்டுப் படியிறங்கினார்.

கீழே சமையலறை விசாலமாக இருந்தது. அடுப்பும் இருந்தது. ஆனால் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "இறைச்சி சமைச்ச சட்டியில ஐயாவுக்கு எப்பிடியடா படைக்கிறது?"

"அக்கா, இப்ப அதையும் கேக்கச் சொல்லுறியளோ? துரத்தாமல் விட்டதே பெரிய காரியம்."

"கேள். நான் கடமைக்குச் செய்ய இவ்வளவு தூரம் வரேல்ல."

எனக்கு அக்காவின் மேல் எரிச்சலான எரிச்சல். என்றாலும் கேட்டேன். ஹசன் தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்திருப்பான். நெர்மின் அம்மா முகம் சுளிக்கவில்லை. குனிந்து அடித்தட்டிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய அகலமான செம்புச் சட்டி ஒன்றை எடுத்தார். அது அல்வாச் சட்டியாம். அதில் இறைச்சி பட்டதே இல்லையாம். இங்கே ஆள் செத்த வீட்டிலும், பிறகு நினைவு நாளிலும், ரவையை வெண்ணெயில் வறுத்து அல்வா கிண்டி அயலுக்குக் கொடுப்பார்கள். தன் கணவருக்கும் தாய்க்கும் அந்தச் சட்டியில்தான் செய்கிறாராம். அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகு இரண்டு பெண்களுக்கும் ஹசன் தேவைப்படவில்லை.

நெர்மின் அம்மா பியூசைத் திருப்பிப் போட, சோறு குக்கரிலேயே வெந்தது. பருப்பு, பூசணி, கத்தரிக்காய், ஐயாவுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல். ஒன்பதேகாலுக்கு முற்றத்தில் வாழையிலை விரித்தோம். அக்கா ஐயாவின் படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தார். ஊரில் ஐயரிடம் கேட்டு வந்ததை அக்கா சொல்லச் சொல்ல, தெற்கே பார்த்திருந்து எள்ளும் தண்ணீரும் விட்டேன். மந்திரம் எனக்குத் தெரியாது. "ஐயா, நான்தான்" என்று மட்டும் சொன்னேன். நெர்மின் அம்மா ஒரு பக்கமாக நின்று இரண்டு கையையும் விரித்துத் தன் பிரார்த்தனையைச் சொன்னார். எனக்கு அப்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

காகத்துக்கு மதிலில் சோறு வைத்தோம். வந்த காகத்துக்குத் தலையும் சிறகும் கறுப்பு, உடம்பு சாம்பல். அக்கா சந்தேகமாகப் பார்த்தார். "இது காகந்தானோ?"

"இங்கத்தைக் காகம் இப்பிடித்தான்."

"குளிர் நாடு. மேல்சட்டை போட்டிருக்கு" என்று அவரே சமாதானமானார். அது அரைப் பங்கைத் தின்றுவிட்டுத்தான் பறந்தது.

நாங்கள் சாப்பிட்டு முடிய, நெர்மின் அம்மா சட்டியைக் கழுவி ரவையை வறுக்கத் தொடங்கினார். "இது எங்கட கேசரியெல்லோ" என்று அக்காவும் அகப்பையைப் பிடித்தார். கிண்டி முடித்ததும் ஹசனை மறுபடி அழைக்கச் சொன்னார் நெர்மின் அம்மா. ஐயாவின் பெயர் வேண்டுமாம். பெயரில்லாமல் அல்வா கொடுப்பதில்லையாம்.

தகப்பனின் பெயரைப் பிள்ளைகள் நாங்கள் வாயால் சொல்லிப் பழகியதில்லை. கடைசியாக நான் அதைச் சொன்னது பேர்ணில் அகதி விசாரணையில். "செல்லத்துரை" என்றேன். நெர்மின் அம்மா இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

பிறகு தட்டை என் கையில் தந்து சந்தைத் தெருவில் கூட்டிக்கொண்டு போனார். செம்புக் கடை, செருப்புக் கடை, இனிப்புக் கடை, தேநீர்க் கடை. ஒவ்வொரு வாசலிலும் நெர்மின் அம்மா ஐயாவின் பெயரைச் சொன்னார். வேலையை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்து, ஆளுக்கொரு கரண்டி எடுத்தார்கள். "செலாதுரை" என்று திருப்பிச் சொல்லி, இது அவர் ஆத்மாவைச் சேரட்டும் என்றார்களாம், பிறகு ஹசன் சொன்னான். யாழ்ப்பாணத்தைத் தாண்டி அதிகம் போகாத மனிதன் எங்கள் ஐயா. அவர் பெயரை ஒரு தெரு முழுக்கச் சொல்லக் கேட்டுக்கொண்டு நான் தட்டோடு நடந்தேன். அந்தச் சனத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

செவ்வாய் காலை வாசலில் நெர்மின் அம்மா எங்கள் பின்னால் ஒரு செம்புத் தண்ணீரை வீதியில் ஊற்றினார். போகிறவர்கள் தண்ணீரைப் போலத் தடையில்லாமல் போய்த் திரும்பி வரவேண்டும் என்று செய்வதாம். விமான நிலையத்தில் அக்கா ஒரு வாசலுக்கும் நான் ஒரு வாசலுக்குமாகப் பிரிந்தோம். "இனி எனக்கு ஒரு குறையுமில்லை" என்றார் அக்கா. அவர் அழுதது அப்போதுதான்.

பேர்ணில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். சுத்தமான படி, ஒழுங்கான சனம், "குறூயெசெக்" என்று வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம். இத்தனை வருடத்தில் நான் யாருடைய மணியையும் அடித்ததில்லை. அடுத்த ஞாயிறு ரவை வறுத்துக் கேசரி கிண்டினேன். மனைவி விசித்திரமாகப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு மணியை அடித்தேன். தனியாக இருக்கும் வயதான மனிதர், உடுப்புத் தோய்க்கும் அறையில் மட்டும் என்னோடு இரண்டு வார்த்தை பேசுபவர். கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"இது என்ன?" என்று கேட்டார்.

"என் தகப்பனாருடையது. செல்லத்துரை என்று பெயர்."

அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். மெதுவாகச் சுவைத்தார். கதவை முழுதாகத் திறந்தார்.

"நன்றாக இருக்கிறது. அப்பாவிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்."

"சொல்கிறேன்" என்றேன்.