அடிக்குறிப்பில் இருந்த தாய்மாமன்

நான் ஒரு மடையன். முனைவர் பட்டத்துக்குப் படித்தும் தெளியாத, சுத்தமான கரிசல்காட்டு மடையன். இல்லாவிட்டால், "அடிக்குறிப்பு எப்படிப் போடுததுன்னு மாதிரிக்குப் பாத்துட்டுத் தாரேன்" என்று கேட்டவனுக்கு, என் நான்காம் இயலைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்திருப்பேனா?

கேட்டவன் கோவில்பட்டியில் என்னோடு ஒரே துறையில் ஆய்வு செய்தவன். நான் கொடுத்தது ஆட்டுக்கிடை பற்றிய இயல். அறுப்பு முடிந்த காட்டில் ராத்திரி ஆடுகளை அடைத்து நிலத்துக்கு உரமேற்றுவதுதான் கிடை. பசுவந்தனைப் பக்கம் கிடை போடும் என் தாய்மாமன் பின்னாலேயே அலைந்து, புழுக்கை வாசம் சட்டையை விட்டுப் போகாமல் எழுதியது.

என் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டார்கள். நான்காம் இயல் முழுக்கச் சிவப்பு. அவன் அதை ஏற்கெனவே ஓர் ஆய்விதழில் தன் பெயரில் வெளியிட்டிருந்தான். என் பெயர் மருந்துக்கும் இல்லை.

"அவர் கட்டுரைதான் முதல்ல வந்திருக்கு. ஒண்ணு அவரை மேற்கோள் காட்டுங்க, இல்லன்னா இயலை எடுத்துருங்க" என்றார் நெறியாளர்.

"சார், என் கம்ப்யூட்டர்ல பழைய தேதி இருக்கு சார்."

"தேதியை யாரு வேணாலும் மாத்தலாம்யா."

நான் எழுதியதற்கு நானே அவனை மேற்கோள் காட்ட வேண்டும்! நான்காம் இயலை எடுத்தாலோ, என் ஆய்வேடு ஆடில்லாத கிடை. வெறும் வேலிதான் மிஞ்சும்.

அவன் கட்டுரையை வரி வரியாகப் படித்தேன். இவ்வளவு கவனமாக நான் என் பாடப்புத்தகத்தைக்கூடப் படித்ததில்லை. வெறுப்பைப் போல நல்ல வாத்தியார் கிடையாது. ஓர் அடிக்குறிப்பில் கண் நின்றது: 'தகவல்: ஆய்வாளரின் தாய்மாமன், பசுவந்தனை.' மாமா பெயரை மொட்டையாக எழுதக் கை வராமல் நான் போட்ட குறிப்பு அது. எங்கள் பக்கம் பெரியவர்கள் பெயரை அப்படிச் சொல்லிவிட முடியாது. அவன் அதையும் அப்படியே அள்ளியிருந்தான். பசுவந்தனையில் அவனுக்கு ஒரு கோழிகூடச் சொந்தம் கிடையாது.

மாமாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன்.

"ஏலே, நான் எப்பம்ல அவனுக்கு மாமன் ஆனேன்?"

"அவனே எழுதியிருக்கான் மாமா."

"அப்பம் சீர் செய்யணும்லா?" என்றார் மாமா, சிரிக்காமல்.

எனக்குள் ஒரு பூதம் சோம்பல் முறித்து எழுந்தது.

அந்தக் கட்டுரையை அவன் தன் ஆய்வேட்டிலும் ஓர் இயலாகச் சேர்த்திருந்தான். அவனுடைய வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். முன்வரிசையில் பட்டுச்சேலையில் அவன் அம்மா. அவன் கிடையைப் பற்றிப் பேச வாயைத் திறந்ததும், தாம்பாளத்தில் வேட்டி துண்டு, தேங்காய் பழத்தோடு மாமா உள்ளே நுழைந்தார். பின்னால் மாலையோடு நான்.

"மருமவனே!" என்று மாலையை வாங்கி அவன் கழுத்தில் போட்டார். அப்படியே அந்த அம்மாவிடம் திரும்பி, "என்ன தங்கச்சி, சொகமா இருக்கியா?"

"நீங்க யாரு? எனக்குக் கூடப்பொறந்த ஆம்பளையே கிடையாதே!"

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். "பசுவந்தனைத் தாய்மாமன்னு போட்டிருக்கே?"

"அது நாந்தான். ஆனா இவனுக்கில்ல." மாமா என்னைச் சுட்டினார். "இந்தா நிக்கானே, இவனுக்கு. கிடைக்குள்ள விழுந்து எந்திரிச்சவன் இவந்தான். அந்தத் தம்பியை இன்னைக்குத்தான் பாக்குதேன்."

தேர்வு அத்தோடு நின்றது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். "நீங்க இயலை எடுக்க வேண்டாம்" என்று நெறியாளர் என் காதில் சொன்னார். அவன் வீட்டார் விருந்தினருக்கு வாங்கி வைத்திருந்த சமோசாவில் நான் நான்கு தின்றேன். அதைவிட ருசியான சமோசாவை இன்றுவரை தின்றதில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு மாமாவைத் தேடினேன். வேப்பமரத்தடியில் அவன் மாலையும் கழுத்துமாகத் தேம்பிக்கொண்டிருந்தான். மாமா வாழைப்பழத்தை உரித்து அவன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். கிடை பற்றி வேறு ஏதாவது எழுத வேண்டுமென்றால் ஊருக்கு வரச் சொல்லி, வழியும் சொன்னார்.

பஸ் ஏறுகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்ததும் வெடித்துவிட்டேன்.

"அந்தத் திருட்டுப் பயகிட்ட உங்களுக்கு என்ன பேச்சு மாமா? அவனை எதுக்கு ஊருக்குக் கூப்பிட்டீய?"

மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"சீர் வச்சாச்சுல்லா, இனி அவனும் மருமவந்தாம்ல."