ஏற்காட்டுக்குப் போகும் காரில் ஓர் இடம்

என் கணவருக்குக் காரை ஓட்டுவதைவிடத் துடைப்பதில்தான் பிரியம் அதிகம். எங்களுக்குக் கல்யாணமான மூன்றாவது வருஷம், பருத்தி நல்ல விலைக்குப் போன கையோடு, சேலத்தில் ஒருவரிடம் அதைப் பழைய காராக வாங்கிவந்தார். மேலே படுதா, பக்கத்தில் கால் வைத்து ஏற ஒரு பலகை, அமுக்கினால் எருமைக் கன்று போலக் கத்தும் ஒரு ஹாரன். எருமப்பட்டிக்கு அடுத்த எங்கள் தோட்டத்தில் அதற்கென்று தனிக் கொட்டகை போட்டார். சந்தை நாளில் நாமக்கல் வரை போய்வரும். மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நின்று துடைப்பு வாங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டில் மாமியார், கல்யாணத்துக்கு நிற்கும் நாத்தனார், நாங்கள் இருவர், அவ்வளவுதான். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். நாலே பேர் என்றாலும் மூன்று வருஷத்தில் என் கணவரோடு சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் நான் பேசியது கிடையாது. பட்டப்பகலில் புருஷனோடு நின்று பேசுகிற மருமகளுக்கு எங்கள் பக்கம் என்ன பெயர் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் காரைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால், இன்ஜின் போடுகிற சத்தத்தில் என்ன பேசினாலும் யார் காதிலும் விழாது.

மாசியில் ஒருநாள் காலை, அவர் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மோர் கொடுக்கிற சாக்கில் போய்க் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, சித்திரையில நாம ரெண்டு பேரும் ஒருக்கா ஏற்காடு போயிட்டு வரலாங்களா?"

கொல்லிமலை கண்ணெதிரே நின்றாலும் அந்த நாளில் அதில் கார் ஏற வழி கிடையாது. ஏற்காட்டுக்குத்தான் மலைமேல் கார் போகும்.

அவர் துணியைக் கீழே வைத்தார். "போலாம். ஆனா திட்டம் போட்டுப் போகோணும். ஆபத்தும் இருக்கப்படாது, செலவும் இழுக்கப்படாது."

அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

முதலில் செலவைக் குறைத்தார். காசு கொடுத்துத் தங்குவானேன், சாப்பிடுவானேன்? வழிநெடுக நமக்குச் சொந்தம் இல்லையா? புதுச்சத்திரத்தில் அவருடைய அத்தை வீட்டில் மத்தியானச் சாப்பாடு, சேலத்தில் நாத்தனாரைக் கொடுக்கப் பேச்சு நடந்த மாமியாரின் அண்ணன் வீட்டில் ராத்திரித் தங்கல். அத்தைக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் அத்தையின் பதிலோடு வந்தார்: "நானும் வாரேன், எனக்கு ஒரு எடம் வெச்சிருங்க." அத்தை கையால் சாப்பிட்டுவிட்டு அவர்களை வாசலில் நிறுத்திவிட்டுக் கார் ஏறுவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமில்லை. அத்தை வந்தால் மாமியாரை விட முடியுமா? பெண் போகப்போகிற இடம் என்பதால் மாமியார் வந்தால் நாத்தனாரும் வந்தாக வேண்டும்.

பிறகு ஆபத்தைக் குறைக்க ஆரம்பித்தார். மலை வளைவில் தனக்குக் கை நடுங்கும் என்று அவரே ஒப்புக்கொண்டு, மலைப்பாதை பழகிய டிரைவர் ஒருவரைப் பேசினார். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்குக் கட்டை போடப் பண்ணையாள் ஒருவர், பலகையில் நின்றுகொண்டே வருவதற்கு. வளைவில் தலைசுற்றி வாந்தி வந்தால்? அதற்கு நாட்டு மருந்து தெரிந்த அவருடைய சித்தப்பா. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் குரங்குக்குத் துணையாக அதன் சுற்றமும் சேர்ந்துவிட்டது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, யார் யார் எங்கே உட்காருவது என்று ஒரு காகிதத்தில் எழுதி வாசித்தார். முன்னால் டிரைவர், நடுவில் சித்தப்பா, ஓரத்தில் அவர். பின்னால் மாமியார், நாத்தனார், வழியில் ஏறப்போகிற அத்தை. ரேடியேட்டருக்கு ஊற்றுகிற தண்ணீர்ப் பானைக்குக்கூட இடம் சொன்னார். நான் கதவோரம் நின்று என் முறைக்காகக் காத்திருந்தேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதலில் ஆசைப்பட்டவள் நான், என் இடத்தை நானே கேட்டு வாங்க வேண்டுமா என்று ரோஷம். அந்த ரோஷத்தோடு இரண்டு நாளும் கச்சாயம் சுட்டேன், முறுக்குப் பிழிந்தேன், ஆறு பேருக்கும் பண்ணையாளுக்கும் புளிச்சோறு கட்டினேன். அழுகையை அடக்கிக்கொண்டு பிழிந்த முறுக்கு ஒன்றும் வட்டமாக வரவில்லை.

புறப்படும் நாள் விடிந்ததும் நல்ல நேரம் பார்த்து எல்லோரும் ஏறினார்கள். சோற்றுக் கூடையைத் தூக்கி உள்ளே கொடுத்தேன். கடைசியாக ஏறப்போன என் கணவர் பலகையில் ஒரு காலை வைத்தவாறே திரும்பினார்.

"ஆமா, நீ எங்க உக்காரப் போற?"

இரண்டு மாதத் திட்டத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்தது.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "பந்திக்கு எல எண்ணறவனாட்ட எண்ணியிருக்கறான். சோறு போடறவளுக்கு எல எண்ணுனவன் எவன் இருக்கறான்?"

அவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. காலைக் கீழே எடுத்தார். "நீ ஏறிக்க. நா இருந்துக்கறேன்."

நல்ல நியாயம்! சித்தப்பாவின் மருந்து வாடையில் ஏற்காடு வரை போகவா நான் மூன்று வருஷம் காத்திருந்தேன்? எனக்கு வந்த ஆத்திரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோனது.

"நீங்க இல்லாம நா மட்டும் எதுக்குங்க போறது?"

வாசல் முழுக்கக் கேட்டது. சித்தப்பா வானத்தைப் பார்த்தார். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மாமியார் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, "வண்டிய எடுங்க. மலையேத்த நீங்க இருக்கறீங்க, கட்டை போட ஆளிருக்குது. இவன் எதுக்கு?" என்றார். என் பக்கம் குனிந்து, "அம்மிணி, ரெண்டு பேருமா வீட்டப் பாத்துக்கங்க. மூணு நாளாகும் நாங்க வர" என்றார். சொல்லும்போது அவர் சிரித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

புழுதி அடங்கும் வரை என் கணவர் பாதையிலேயே நின்றார். "ரேடியேட்டருக்குப் புதுச்சத்திரத்துல தண்ணி ஊத்தச் சொன்னனா?" என்று என்னிடம் கேட்டார். நான் அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனேன்.

செய்த பலகாரமெல்லாம் காரோடு போய்விட்டதால் மத்தியானத்துக்குச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மட்டும் வைத்தேன். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு வாழைப் பக்கம் போனார். எப்போதும் போல ஓர் இலையோடு வருவார், பரிமாறிவிட்டு நான் விசிறியோடு நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு இலை அறுத்துவந்திருந்தார். கழுவி எதிரும் புதிருமாகப் போட்டார்.

"உக்காரு."

"அப்பப் பரிமாறறது யாருங்க?"

கொஞ்சம் யோசித்தார். "சட்டிய நடுவால வெச்சுக்கலாம்."

குழம்பில் உப்பு குறைவு. இருவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டோம், பொழுது சாயும் வரை பேசினோம். அதுவரை வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஏற்காட்டை நான் இன்றுவரை பார்க்கவில்லை. "போலாமா?" என்று அவரே இரண்டொரு தடவை கேட்டார். திட்டம் போட ஆரம்பித்துவிடுவாரே என்ற பயத்தில், வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன்.