பம்ப்புக்குப் போட்ட காவல்

போன ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால் மணி. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டிராக்டர் கொட்டகைப் பக்கமிருந்து என் மகன் கார்த்தி "அம்மா..." என்று கூப்பிட்டான்.

சத்தமாகக்கூட இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்பவன் மாதிரி. பிள்ளைகள் அலறினால் நமக்கு அவ்வளவு பயமில்லை — அடங்கின குரலில் கூப்பிட்டால்தான் பயம். இல்லையா?

ஓடினேன். டிராக்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். வலது கை, முழங்கை வரை இன்ஜின் பக்கம் உள்ளே போயிருந்தது.

"கை வரமாட்டேங்குதும்மா."

இந்த வாரப் பத்தியைக் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவரின் அண்ணனுக்கு எறையூர் பக்கம் கரும்பு விவசாயம். நான் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடம் லீவு விட்டால் நாங்கள் அங்கேதான். மச்சாண்டாரின் டிராக்டருக்குக் கார்த்தியைவிட வயது அதிகம். டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜினுக்குத் தருகிற சின்ன பம்ப் ஒன்று அதில் உண்டு. அது போய்விட்டது. வண்டி கொஞ்ச தூரம் ஓடும், இருமும், நின்றுவிடும். சர்க்கரை ஆலையிலிருந்தோ கரும்பு வெட்ட உத்தரவு வந்தாயிற்று. வெட்டின கரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. காயக் காய எடை குறையும்.

சரி, பம்ப்பை மாற்ற வேண்டியதுதானே என்கிறீர்களா? மெக்கானிக் வந்தார். எட்டிப் பார்த்தார். போய்விட்டார்.

அந்த பம்ப் இருக்கிற இடமே சந்துக்குள் சந்து. அதை அங்கே வைத்த மகாராசன், ஒரு தடவையாவது தன் கையால் கழற்றிப் பார்த்திருப்பானா? போதாக்குறைக்கு, போன வருஷம் அந்த இடத்தில் பைப்பைக் கழற்றி யாரோ டீசலைத் திருடிவிட்டார்கள். மச்சாண்டார் என்ன செய்தார்? பம்ப்பைச் சுற்றி இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டார்! கீழே கொஞ்சம் திறப்பு, மேலே ஒரு கை போகிற சந்து. அவ்வளவுதான். கதவு கிடையாது.

"கதவு வச்சா பூட்டணும். பூட்டுனா ஒடைப்பான்." இது அவருடைய நியாயம்.

"தகட்ட வெட்டி எடுத்துட்டுச் சொல்லியனுப்புங்க" — இது மெக்கானிக்கின் நியாயம்.

"அதெல்லாம் தகட்டுல கை வைக்கக் கூடாது. நம்ம கார்த்திக்கு ஒல்லிக் கைதானே... இன்ஜினீயருக்குத்தானே படிக்கிறான்?" என்று முடித்துவிட்டார் மச்சாண்டார்.

அவன் படிப்பது கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்! சொன்னால் யார் கேட்கிறார்கள்? பெரியப்பா சொல்லிவிட்டார் என்று இவனும் உட்கார்ந்துவிட்டான். பாவம், சனிக்கிழமை முழுக்கப் போராடிப் பழைய பம்ப்பைக் கழற்றிக் கீழ் வழியாக எடுத்தும்விட்டான். ஞாயிறு விடிகாலையிலேயே மச்சாண்டார் அரியலூரில் ஒரு கல்யாணத்துக்கு பைக்கில் கிளம்பினார். கார்த்தி, புது பம்ப்பை இடது கையால் கீழே தாங்கிக்கொண்டு, வலது கையை மேல் சந்துக்குள் விட்டு, ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டான். இரண்டாவது போல்ட்டில் ஸ்பேனர் வழுக்கியது. விசையில் கை உள்ளே போய்விட்டது. தகட்டின் விளிம்பு, பிசிறுபிசிறாக, தூண்டில் முள் மாதிரி. உள்ளே போகிற கைக்கு வழி விடும். வெளியே வருகிற கையைக் கிழிக்கும்.

இழுத்தால் ரத்தம். இழுக்காவிட்டால் வீக்கம்.

என் கணவர் ஊரில் இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் ஓடி வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர்.

"வெளக்கெண்ணெய ஊத்துங்க டீச்சர்."

"ஊத்தியாச்சுங்க!"

"அப்ப கேஸ் கட்டர் கொண்டாரச் சொல்லட்டுமா? ரெண்டு நிமிசத்துல அறுத்துரலாம்."

"சட்டையெல்லாம் டீசலுங்க... உள்ள கை இருக்குங்க!"

"டீசல் பெட்ரோலு மாதிரி சட்டுனு பத்தாது டீச்சர்."

எப்படி இருக்கிறது ஆறுதல்?

கீழ்த் திறப்பு வழியாகக் குனிந்து பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கருநீலம். "விரல ஆட்டுப்பா" என்றேன். ஆட்டினான். "ஆடுதாம்மா? எனக்குத் தெரியல" என்றான்.

அவனுக்குத் தெரியவில்லையாம். அவன் விரல் ஆடுவது அவனுக்கே தெரியவில்லையாம்!

"தகட்டை நெம்பிடுங்களேன் யாராவது" என்று கத்தினேன். அத்தனை ஆம்பிளைகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "அண்ணன் ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா..." என்று இழுத்தார் கொல்லைக்காரர். அண்ணன் அரியலூரில் பந்தியில் இருக்கிறார். அவரிடம் செல்போன் கிடையாது, தேவையில்லாத செலவாம். ஒரு பையனின் கை உள்ளே கிடக்கிறது, இவர்களுக்கு உத்தரவு வேண்டும். தகட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். கைக்கு?

அப்போதுதான் என் ஓரகத்தி, மச்சாண்டாரின் மனைவி, வீட்டுக்குள்ளிருந்து வந்தார். ஒரு கையில் கடப்பாரை, இன்னொன்றில் நனைத்த சாக்கு. புருஷனைக் கேட்காமல் ஒரு குடம்கூட வாங்காத மனுஷி. சாக்கைக் கிழித்துக் கைக்கும் இரும்புக்கும் நடுவில் திணித்தார்.

"கார்த்தி, மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்க."

கடப்பாரை நுனியைத் தகட்டுக்குள் சொருகினார். அசையவில்லை. திரும்பிக் கொல்லைக்காரரைப் பார்த்தார்.

"வேடிக்க பாக்க டிக்கெட்டா எடுத்துருக்கீங்க? வந்து அமுக்குங்க!"

அமுக்கினார்கள். வெல்டிங் 'மடேர்' என்று விட்டது. கை வந்தது.

பெரம்பலூர் டாக்டர் தையல் போட்டுவிட்டார். விரல்களுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் பட்டது போதும்.

ஆனால் கேட்கிறேன். நம் வீடுகளைப் பாருங்கள். போனுக்குப் பூட்டு. ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு மேல் கிரில் — தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவது? திருடன் எப்படியெல்லாம் கை விடுவான் என்று உட்கார்ந்து யோசிக்கிறோம். அந்த இடத்தில் நம் பிள்ளையின் கையும் போகுமே என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறோமா? திருடன் என்றைக்கோ ஒரு நாள் வருகிறவன். வீட்டுக்குள் இருப்பது நாம்தானே?

அன்றைக்கு டாக்டரிடம் போகக் காருக்குக் காத்திருந்தபோதே மச்சாண்டார் வந்து சேர்ந்தார். கரை வேட்டி, கையில் தாம்பூலப் பை. கார்த்தியின் கையில் ரத்தம் ஊறின துண்டைப் பார்த்தார். பார்த்தார்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு டிராக்டரைப் பார்த்தார்.

"தகட்ட எவன்டா நெம்புனது?"

கொல்லைக்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். எனக்கு வாய் வரை வந்துவிட்டது. ஓரகத்தி முந்திக்கொண்டார்.

"எவனுமில்ல, நான்தான். பம்ப்பு ஒத்த போல்ட்டுல தொங்குது. இப்ப உங்க கையும் நுழையும்... போயி மாட்டுங்க."