மஸ்கி ராடில் மாட்டிய கொடுவா

போன மாதம் மீஞ்சூர் பக்கம் வரும் லோக்கல் ட்ரெயினில், ஒன்பது அடி நீளக் குச்சியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவர் ஏறினார். திரும்பினால் யார் கண்ணையாவது குத்தும். குனிந்தால் மின்விசிறியில் இடிக்கும். "சார், எந்தக் கட்சிக் கொடி?" என்று யாரோ கேட்க, பெட்டியே சிரித்தது. சிரித்தவர்களில் நீங்களும் உண்டா? பரவாயில்லை, நானும் சிரித்தேன்.

அவர் என் வீட்டுக்காரர்.

அது குச்சியில்லை, தூண்டில் ராட். கீழே ஒரு ரீல், ரீலில் சுற்றிய நைலான் நரம்பு. இத்தனையும் எதற்கு? எல்லாம் ஒரு மைக் செய்த வேலை.

எங்கள் பெண் சுகந்தி காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டது பசியாவரத்துப் பையனை. பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் ஊர். சம்பந்தி ஏழுமலை பரம்பரை மீனவர். நாங்களோ நெல் விளைவிக்கிற குடும்பம். மீனை நாங்கள் முதலில் சந்திப்பதே குழம்பில்தான். அப்படிப்பட்ட என் வீட்டுக்காரரிடம், கல்யாண ரிசப்ஷனில் யாரோ மைக்கைக் கொடுத்துத் தொலைத்தார்கள்.

"பொங்கல் சீர் கொண்டு வர்ற அன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு… கொடுவா மீனை என் கையால புடிச்சுப் போடறேன்!"

மீனவர் கூட்டம் விசிலடித்தது. கொடுவா தெரியும்தானே? பெரிய வாய், வெள்ளி உடம்பு, முரட்டுக் குணம். வலை போட்டே கிடைக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. இவர் கையால் பிடிக்கப்போகிறாராம்!

மார்கழி பிறந்ததும் சுகந்தி போன் செய்தாள்.

"அம்மா, நைனா சொன்னத எங்க மாமியார் ஊர் பூரா சொல்லிட்டாங்க. தண்ணி புடிக்கப் போனா, 'இன்னா சுகந்தி, உங்க நைனா மைக்க வெச்சா மீன் புடிப்பாரு?'னு கேக்கறாங்க. கொடுவா வரலன்னா காலத்துக்கும் என்னைத்தாம்மா ஓட்டுவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால், 'எப்படியாவது புடிச்சிடச் சொல்லும்மா' என்று சொல்லித்தான் போனை வைத்தாள். புது மருமகள், புது ஊர். அப்பன் பேச்சு பொய்யானால் பெண்தானே பதில் சொல்ல வேண்டும்?

என் வீட்டுக்காரர் கலங்கவில்லை. யூடியூபைத் திறந்தார். அதில் தொப்பி போட்ட ஓர் அமெரிக்கர், 'மஸ்கி' என்ற மீனைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆள் உயரம், வாய் நிறையப் பல். ஆயிரக்கணக்கான தடவை வீசினால் ஒரு தடவை மாட்டுமாம். 'புதியவர்களுக்குக் குறைந்த செலவில் மஸ்கி ராட், ரீல்' என்று அவர் போட்ட வீடியோ அத்தனையும் இவர் பார்த்தார்.

"ஏங்க, நம்ம ஏரியில ஏது மஸ்கி?" என்றேன்.

"மஸ்கியே மாட்டற ராடுல கொடுவா மாட்டாதா? பி.ஏ. படிச்சவனுக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சை வெச்ச மாதிரி!"

தர்க்கத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி.

"என்ன மீனுக்கு சார்?"

"மஸ்கி."

"அது எங்க சார் கிடைக்கும்?"

"அமெரிக்காவுல."

"நீங்க புடிக்கப்போறது?"

"பழவேற்காட்டுல."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

ஆனாலும் நல்ல விதமாகவே சொல்லிக்கொடுத்தார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏழடி ராட் போதும். இரண்டு துண்டாகக் கழற்றுகிற மாதிரி வாங்கினால் பஸ்ஸில் வைக்கலாம். கட்டைவிரலால் அடக்கி வீசுகிற ரீல் வேண்டாம், கொஞ்சம் தவறினால் நரம்பு குருவிக்கூடாகிவிடும். சாதாரண ஸ்பின்னிங் ரீல் நல்லது. ராடில் மிச்சம் பிடியுங்கள், ரீலில் பிடிக்காதீர்கள். பெரிய மீன் இழுக்கும்போது ராட் வளைந்து கொடுக்கும், மட்ட ரீல் பல்லிளித்துவிடும். கொடுவாவின் செவுள் கத்தி மாதிரி என்பதால், தூண்டில் பக்கத்தில் கனமான நரம்பு ஒரு முழம் கட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் என் வீட்டுக்காரர். ரீல் விஷயத்தில் சொன்னபடியே கேட்டார். ராட் விஷயத்தில்தான் குடும்பத்துச் சிக்கன ரத்தம் பேசிவிட்டது. மூலையில் ஒரு ஒன்பதடி ராட். கழற்ற முடியாதது, யாரும் வாங்காதது. அதனாலேயே ஏழடி ராடின் விலைக்குத் தள்ளுபடியில் நின்றது.

"ஒரே விலை! ரெண்டடி சும்மா வருது! அத வுட்டுட்டு ஏழடி வாங்க நான் என்ன கேனையா?"

துணிக்கடையில் பிட்டுத் துணி வாங்குகிற மனிதரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

"எவ்ளோ தூரம் வீசும்?" என்று மட்டும் கேட்டார்.

"பழகிட்டீங்கன்னா எங்கியோ போகும் சார்" என்றார் கடைக்காரர்.

அப்புறம் மொட்டை மாடியில் பயிற்சி. தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு, மீனை ஏமாற்றுவதற்கான ரப்பர் மீனை மட்டும் கட்டி வீசினார். முதல் நாள் எங்கள் தண்ணீர்த் தொட்டி அடிவாங்கியது. மறுநாள் பக்கத்து வீட்டு சரோஜாவின் நைட்டி, நரம்பில் சுற்றிக்கொண்டு கொடியிலிருந்து எங்கள் மாடிக்குப் பறந்து வந்தது. திருப்பிக் கொடுக்க என்னை அனுப்பினார். ஆனால் தூரம் கூடியது, அதையும் சொல்ல வேண்டும். தெருவைத் தாண்டி எதிர்வீட்டு முருங்கையில் ரப்பர் மீன் தொங்கிய அன்று, தான் தயார் என்று அறிவித்தார்.

சீர் நாள் வந்தது. அரிசி, வெல்லம், கரும்பு, புடவை… இவற்றோடு ஒன்பதடி ராடும் படகேறியது. பசியாவரத்தில் சாமான்களை இறக்கிவிட்டு, சுகந்தியைப் பார்த்த கையோடு சம்பந்தியின் படகில் மீன் பிடிக்கக் கிளம்பினோம். நானும் ஒட்டிக்கொண்டேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏரியில் நினைத்த இடத்தில் யாரும் வலை போட முடியாது. 'பாடு' என்று முறை வைத்திருக்கிறார்கள். இன்ன நாள், இன்ன இடம், இன்ன கூட்டத்துக்கு என்று முறை வரும். அன்றைக்கு அங்கே வேறு யாரும் வலை போடக் கூடாது. அன்று ஏழுமலைக்கு ஓர் இடம். பக்கத்து இடம் கஜேந்திரன் கூட்டத்துக்கு. எல்லைக்கு ஒரு கழி நட்டிருந்தார்கள்.

"தூண்டிலுக்குப் பாடு கெடையாது சமந்தி. குஜாலா போடுங்க" என்றார் ஏழுமலை.

போட்டார். முதல் வீச்சு படகுக்குள்ளேயே விழுந்தது. இரண்டாவதில் ஏழுமலையின் தலைப்பாகை தண்ணீருக்குப் போனது. "சுகந்தி மூஞ்சிய நெனச்சு வீசுங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார் பாருங்கள்… விர்ர்ர்ர்! ரப்பர் மீன் போகிறது, போகிறது, கழியைத் தாண்டி இன்னும் போகிறது.

விழுந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது. வெள்ளியாக ஒன்று எகிறிக் குதித்துத் தலையை உதறியது.

"கொடுவா!" என்று கத்தினார் ஏழுமலை. "இழுக்காதீங்க சமந்தி! ஓட வுடுங்க! வுட்டுப் புடிங்க!"

ராட் வில்லாக வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது, ஆனால் பல்லிளிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அத்தனை குலதெய்வங்களையும் கூப்பிட்டார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வழியாக மீன் படகோரம் வர, ஏழுமலை கைவலையில் அள்ளிப் போட்டார். ஒரு குழந்தை அளவுக்குக் கொழுத்த மீன்! நாங்கள் மூவரும் கூச்சம் பார்க்காமல் கட்டிக்கொண்டோம்.

அப்போதுதான் கஜேந்திரன் படகு வந்து இடித்தது.

"இன்னாபா ஏழுமலை, எங்க பாட்டுல மீன் புடிக்கிறீங்க?"

"ஆளு என் பாட்டுல கீறாருய்யா! படகு என் பாட்டுல கீது!"

"மீனு எங்க பாட்டுல இல்ல இருந்துச்சு?"

"தூண்டிலுக்கு ஏதுய்யா பாடு?"

"சாதா தூண்டிலு படகாண்ட தொங்கும். இது பக்கத்து ஊருக்கில்ல போவுது!"

வாய்ச்சண்டை கரை வரை வந்தது. கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். நடுவில் சாக்கின் மேல் கொடுவா. ஆள் ஓர் இடம், மீன் ஓர் இடம் என்று இதற்குமுன் வழக்கே வந்ததில்லையாம். சுகந்தி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு பெரியவர் ராடை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் காலத்துல பழவேற்காட்டுல டச்சுக்காரன் கோட்டை கட்டி பீரங்கி வெச்சிருந்தான். அவனே எங்க பாட்டுல கைவெக்கல. உங்க ஒம்போதடி குச்சி வெச்சிடுச்சே!"

தீர்ப்பு இதுதான்: மீன் எங்கே வாயைத் திறந்ததோ, அந்த இடத்தின் முறைக்காரருக்கே மீன்.

என் வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது. அந்த ராடை எத்தனை நாள் கிண்டல் செய்திருப்பேன்! ஆனால் அந்த நிமிஷம் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றிருந்தது எனக்கு. சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கஜேந்திரன் அதைப் பார்த்துவிட்டார்.

"அழாதம்மா. மீனு எங்களுது, அதுல பேச்சில்ல. ஆனா புடிச்சது உங்க நைனாதான். அதுலயும் பேச்சில்ல. கொயம்புக்குப் புளியக் கரைக்கச் சொல்லு. நாங்களே எடுத்தாறோம்."

வந்தார்கள். கொடுவாவோடு கூட்டம் மொத்தமும் வந்தது. மனைவி, மக்கள், மச்சான், மச்சானின் மச்சான். மீன் அவர்களுடையது என்பதால் முதல் பந்தியும் அவர்களுடையது. "எங்க சமந்தி புடிச்ச கொடுவா" என்று சுகந்தியின் மாமியார் ஒவ்வோர் இலைக்கும் சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். சுகந்தி தலை நிமிர்ந்து குழம்பு வாளியோடு பின்னால் போனாள்.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்த என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது, குழம்பும் ஒரு வால் துண்டும். அதையும் மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். மனிதர் அப்படி ஒரு சந்தோஷத்தோடு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நீங்களும் முதல் ராட் வாங்கப் போகிறீர்களா? எவ்வளவு தூரம் வீசும் என்று கடைக்காரரிடம் கேட்பது இருக்கட்டும்… அவ்வளவு தூரத்தில் யார் பாடு என்று முதலில் ஊரில் கேளுங்கள்.